கமராவும் அதனைப் பேணும் உழைப்பும்: திரைப்பட உற்பத்தி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

திரைப்பட வரலாறு என்ற பெயரில் தமிழில் வெளிவந்துள்ள நூல்களிலும் கட்டுரைகளிலும் பெரும்பாலானவை நடிகர்களின் வரலாறாகவோ நெறியாளர்களின் வரலாறாகவோ பாடல்களின் வரலாறாகவோ அமைந்துள்ளன. அண்மைக் காலத்தில் ஒளிப்பதிவாளர் பற்றியும் ஓரளவு பேசப்படுகின்றது. ஆயினும் ஒளிப்பதிவாளரின் கைக்கு வருவதற்கு முன்னர் கமராவைத் துடைத்து, எண்ணெயிட்டு, இருட்டுப் பையினுள் கைவிட்டுப் படச்சுருளை ஏற்றி, வெயிலிலும் மழையிலும் குடைபிடித்துக் காத்து, படப்பிடிப்பு முடிந்த பின்னர் மீண்டும் பெட்டியிலிட்டுப் பூட்டும் மனிதர் எந்த வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. அவரது வேலை வெற்றி பெறும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை. திரையில் ஒரு கீறலோ ஒரு மயிரிழையோ தோன்றும்போதுதான் அப்படியொருவர் இருந்தமையை மற்றவர்கள் நினைவுகூருகின்றனர்.

இப்புறக்கணிப்பு தற்செயலானதன்று. ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் தொகுதி ஏங்கெல்சினாற் பதிப்பிக்கப்பட்டு 1885இல் வெளிவந்தது. அதிலே நிலைமூலதனத்தின் தேய்வையும் பராமரிப்பையும் ஆராயும் மார்க்ஸ், இயந்திரங்களைத் துப்புரவு செய்யும் வேலையைத் தொழிலாளர் தமது ஓய்வு நேரத்திற் கூலியின்றியே செய்கின்றனர் என்பதனையும், பல வேளைகளில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது செய்யப்படுவதால் விபத்துகள் நேர்கின்றன என்பதனையும் எடுத்துக்காட்டுகின்றார். இவ்வுழைப்பு உற்பத்திப் பொருளின் விலையிலே தனியாகத் தோற்றுவதில்லை. அதனாலேயே கணக்கேட்டிலும் அது இல்லை. கணக்கேட்டை அடியொற்றி எழுதப்படும் வரலாற்றிலும் இல்லை.

திரைப்படத்துறைக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும் என்பதே எமது துணிபு. ஒரு கமரா யாருக்குச் சொந்தமானது? அதனைப் பேணுபவர் யார்? அது பழுதுபட்டால் யார் பொறுப்பு? இம்மூன்று வினாக்களுக்கும் வெவ்வேறு காலங்களிற் கிடைத்த விடைகளைத் தொடர்புபடுத்தி நோக்கினால், திரைப்பட உற்பத்தி உறவுகள் மாறிவந்த முறையினை அறியலாம். இக்கட்டுரை அவ்வகையில் ஒரு தொடக்க முயற்சியே.

2

தொடக்கத்தில் இம்மூன்று வினாக்களுக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் இருந்தது. 1895 டிசெம்பர் 28ஆந் திகதி பாரிஸ் நகரிலே கட்டணம் அறவிட்டுப் படங்காட்டிய லூமியர் சகோதரரின் ‘சினிமட்டோகிராப்’ கருவி கையாற் சுழற்றப்படுவது. ஒருவர் தூக்கிச் செல்லத்தக்கது. படம்பிடிக்கும் கமராவாகவும், படியெடுக்கும் கருவியாகவும், திரையிற் காட்டும் எறிகருவியாகவும் அது பயன்பட்டது. அமெரிக்காவில் எடிசனின் நிறுவனம் அமைத்த கருவியோ மின்சாரத்தில் இயங்கிய பெருஞ்சுமை. அது நியூ ஜேர்சியிலே தனக்கெனக் கட்டப்பட்ட படப்பிடிப்புக் கூடத்தைவிட்டு எளிதில் நகர முடியாததாயிருந்தது. 1896 யூலை 7ஆந் திகதி பம்பாய் வாட்சன் ஹோட்டலிற் படங்காட்டப்பட்டதெனின், அதற்கு லூமியர் கருவியின் இலகுத்தன்மையும் ஒரு காரணமாகும்.

லூமியர் நிறுவனம் உலகெங்கும் அனுப்பிய இயக்குநர்கள் படம்பிடித்தனர், கழுவினர், காட்டினர், கருவியைத் தாமே பழுதும் பார்த்தனர். ஆனால் கருவி நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. அதன் உட்பொறியைப் பிறர் காணாதவாறு காக்கவேண்டும் என்பதும் அவர்களது கடமைகளில் ஒன்று. பேணுதல் என்பது தூசியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்தலை மட்டுமன்றி, போட்டி முதலாளிகளின் கண்களிலிருந்து காத்தலையும் தொடக்கத்திலேயே குறித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்தியாவில் இக்கைவினைஞர் நிலையின் சிறந்த எடுத்துக்காட்டு தாதாசாகிப் பால்கேயின் முயற்சியாகும். அவர் 1912இல் லண்டன் சென்று வில்லியம்சன் கமரா ஒன்றை வாங்கி வந்தார். ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3ஆந் திகதி பம்பாயில் மக்களுக்குக் காட்டப்பட்டது. பால்கேயைப் ‘இந்தியத் திரைப்படத்தின் தந்தை’ எனப் போற்றும் வரலாறுகள் அவரது மனைவி சரஸ்வதிபாயை அவரது நகைகளின் பொருட்டே பெரும்பாலும் குறிப்பிடுகின்றன. உண்மையில் அக்காலத்திற் படச்சுருள் விளிம்புத்துளைகளின்றியே வந்தது. இரவில், இருட்டறையிலிருந்து அத்துளைகளையிட்டவர் சரஸ்வதிபாய். சுருளை ஏற்றுதல், கழுவுதல், வெயிலைத் திருப்ப வெள்ளைத் துணி பிடித்தல் ஆகியனவும் அவரது வேலைகளாயின. அதே வேளையில் படக்குழுவினர் அனைவருக்கும் உணவு சமைத்தவரும் அவரே. துளையிடுதலில் ஒரு சிறு பிசகு நேர்ந்தாலும் சுருள் கமராவினுள்ளே சிக்கிக் கிழியும், பிம்பம் நடுங்கும். எனவே இந்தியாவின் முதல் கமரா உதவியாளர் ஒரு பெண் என்று கூறுவதிற் பிழையில்லை. அவரது உழைப்பு வீட்டுழைப்பின் நீட்சியாகக் கொள்ளப்பட்டமையால், அது உழைப்பாகவே எண்ணப்படவில்லை.

தென்னிந்தியாவிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. ஆர். நடராஜ முதலியார் புனாவிலே ஓர் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் தொழில் பயின்று ‘கீசக வதம்’ என்னும் மௌனப் படத்தைச் சென்னையில் எடுத்தார். சென்னையின் வெப்பம் கழுவும் வேலைக்கு ஒவ்வாதிருந்தமையால், பிடித்த சுருள்கள் குளிர்ச்சியான பங்களூருக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கழுவப்பட்டன. ஐரோப்பியத் தட்பவெப்பத்தை எண்ணி ஆக்கப்பட்ட கருவிகளும் இரசாயனங்களும் இங்கு வந்தபோது, அவற்றை இம்மண்ணுக்கு இணக்கும் சுமை இங்குள்ளோர் தலையில் விழுந்தது.

தட்பவெப்பத்தின் மறு எல்லையிலும் இதே சிக்கலைக் காணலாம். 1910 முதல் 1912 வரை ஸ்கொட்டின் தென்துருவப் பயணத்திற் பங்குகொண்ட ஹேர்பேட் பொன்டிங் கமராக்களைக் குடிசைக்கு வெளியே குளிரிலேயே வைத்திருந்தார். வெளிக்குளிரில் உறைந்த கருவியை உள்வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் நீராவி வில்லையிலும் உட்பொறியிலும் ஒடுங்கி நீராகிப் பின்னர் பனிக்கட்டியாகும் என்பதே காரணம். குளிரில் எண்ணெய் இறுகிப் பொறியை நிறுத்திவிடுமாதலால், எண்ணெயைத் துடைத்தெடுத்துக் காரீயத்தூளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. உறைந்த உலோகத்தில் நாவு பட்டு ஒட்டிக்கொண்டதனையும், பிய்த்தெடுத்தபோது தோல் உரிந்ததனையும் அவர் பதிவு செய்துள்ளார். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவைக் கொழும்பின் நண்பகற் புழுக்கத்துக்குள் கொண்டுவரும் உதவியாளர், பெட்டியைத் திறவாமற் சிறிது நேரம் காத்திருப்பதும் இதே பௌதிக விதியின் காரணமாகவே.

3

கைவினைஞர் நிலை கைத்தொழில் நிலையாக மாறியமையை விளக்குவதற்கு ஒரு கதை வழங்கி வருகின்றது. மார்ட்டின், ஓசா ஜோன்சன் எனும் அமெரிக்கத் தம்பதியர் ஆபிரிக்காவுக்கு எடுத்துச்சென்ற மரக் கமராக்களைக் கறையான் அரித்துவிட்டது என்றும், அச்செய்தி கேட்டே சிக்காகோவின் பெல் அண்ட் ஹவல் நிறுவனம் முழுவதும் உலோகத்தாலான 2709 இலக்கக் கமராவை ஆக்கியது என்றும் அக்கதை கூறும். அக்கமரா 1912 அளவில் வெளிவந்தது. ஜோன்சன் தம்பதியர் படம்பிடிப்பதற்கென ஆபிரிக்காவுக்கு முதன்முதலிற் சென்றதோ 1921இல். எனவே கதை காலக்கணக்கிலேயே தவறுகின்றது.

எனினும் இக்கதை ஏன் இத்தனை காலம் நிலைத்தது என வினவுதல் வேண்டும். கருவியின் வளர்ச்சியைத் தனிமனிதரின் சாகசத்தாலும் ‘இருண்ட கண்டத்தின்’ பூச்சிகளாலும் விளக்குவது முதலாளித்துவ வரலாற்றுணர்வுக்கு இசைவானது. உண்மைக் காரணம் கவர்ச்சி குறைந்தது. 1907இல் தொடங்கிய அந்நிறுவனம் துளையிடும் பொறி, படியெடுக்கும் பொறி, எறிகருவி, கமரா ஆகிய அனைத்தையும் ஒரே அளவைக்குக் கொண்டுவர முனைந்தது. ஒவ்வொரு சட்டகத்தையும் அசையாது நிறுத்தும் ஊசிகளைக் கொண்ட உலோகக் கமரா அத்தரப்படுத்தலின் ஒரு பகுதியே. ஆண்டு முழுவதும் இடைவிடாது படங்களை உற்பத்தி செய்யத் தலைப்பட்ட தொழிலகங்களுக்கு, ஈரத்தில் ஊதிப் புடைக்கும் மரப்பெட்டி ஒவ்வாததாயிற்று.

1919இல் நிறுவப்பட்ட மிச்சல் கமரா நிறுவனத்தின் கருவிகளும் சேர்ந்து ஹொலிவூட்டின் உற்பத்தி முறையை உறுதிப்படுத்தின. முன்னர் ஒருவரே செய்த வேலை இப்போது பலருக்குப் பகிரப்பட்டது. ஒளியமைப்பைத் தீர்மானிக்கும் ஒளிப்பதிவாளர், கமராவை இயக்குபவர், குவியத்தை மாற்றுவதோடு கருவியின் நலனுக்கும் பொறுப்பான முதல் உதவியாளர், சுருளை ஏற்றி இறக்கிப் பலகை அடித்துக் குறிப்பெழுதும் இரண்டாம் உதவியாளர் என்ற படிநிலை தோன்றிற்று. 1927இற்குப் பின்னர் ஒலி வந்தபோது, கமராவின் இரைச்சல் ஒலிவாங்கிக்கு எட்டாதிருக்க அதனையும் அதனை இயக்குபவரையும் காற்றுப்புகாக் கூண்டுகளில் அடைத்தனர். இயந்திரத்தின் தேவைக்கு மனித உடல் பணிந்த இந்நிலை, கமராவையே உறையிட்டு மூடும் முறை வரும்வரை சில ஆண்டுகள் நீடித்தது.

இப்படிநிலையில் உதவியாளரின் அன்றாட வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். படப்பிடிப்புத் தொடங்கும் முன்னரே அவர் வந்து, வீணாக்கத்தக்க ஒரு துண்டுச் சுருளைக் கமராவினூடே ஓடவிட்டுக் கீறல் விழுகின்றதா எனப் பார்ப்பார். ஒவ்வொரு வில்லையையும் அளவுப் பலகைக்கு எதிரே வைத்துக் குவியம் பிசகியுள்ளதா எனச் சோதிப்பார். ஒரு காட்சி சரியாக அமைந்தது என நெறியாளர் கூறியதும் மற்றவர்கள் இளைப்பாறுவர். உதவியாளரோ சுருள் ஒளிபடும் வாயிலைத் திறந்து நோக்குவார். சுருளின் இரசாயனப் பூச்சு உரிந்து அங்கு படிந்திருக்கலாம். ஒரு மயிரிழை போன்ற சிம்பு ஒட்டியிருக்கலாம். அதனை உலோகத்தாற் சுரண்டக்கூடாது. மென்மரக் குச்சியினாலேயே நீக்க வேண்டும். உலோகம் ஒரு கீறலிட்டால், அக்கீறல் அதன்பின் ஓடும் ஒவ்வோர் அடியிலும் பதியும். வில்லையைத் துடைக்குமுன் தூசியை ஊதியகற்ற வேண்டும். இல்லையேல் துடைக்கும் துணியே மணற்றாள் ஆகிவிடும். கடற்கரையில் உப்புக்காற்று, வயல்வெளியில் உமித்தூசி, மாரியிற் பூஞ்சணம். கண்ணாடியிற் பூஞ்சணம் வேரோடினால் வில்லையின் மேற்பூச்சு அரிபட்டுவிடும். பின்னர் எத்துணை துடைத்தும் பயனில்லை. ஆதலின் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டியிலிட்டு, அவை ஈரத்தால் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுவார்.

இவற்றுள் எதுவும் ‘கலை’ எனப்படுவதில்லை. ஆனால் இவற்றுள் ஒன்று தவறினும் கலை பதிவாவதில்லை. மேலும் இவ்வேலையிற் பெரும்பகுதி பிறர் வருமுன்னரும் பிறர் சென்ற பின்னரும் நிகழ்வது. மார்க்ஸ் கூறிய கூலியற்ற துப்புரவு வேலைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மேலைநாடுகளில் இந்நேரத்துக்குக் கூலி கணிக்கப்பட்டமை முதலாளிகளின் கருணையால் அன்று, தொழிற்சங்கங்களின் போராட்டத்தாலாகும். ஹொலிவூட்டின் ஒளிப்பதிவுத் தொழிலாளர் 1928இல் தமக்கெனச் சங்கக் கிளையொன்றைப் பெற்றனர்; பிரித்தானியத் திரைப்படத் தொழில்நுட்பவியலாளர் சங்கம் 1933இல் உருவாயிற்று.

4

கருவியின் உடைமை ஏகபோகமாகும்போது பேணுதலும் அதிகாரத்தின் வடிவமாகின்றது. ரெக்னிக்கலர் நிறுவனம் 1932இல் அறிமுகஞ்செய்த மூன்று சுருட் கமரா இதற்குச் சான்றாகும். ஒளியைப் பிரிக்கும் பட்டகமொன்றின் துணையுடன் மூன்று சுருள்களில் ஒரே காட்சியைப் பதிவுசெய்த அக்கருவி விற்கப்படவில்லை, வாடகைக்கே விடப்பட்டது. அதனோடு நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளரும் நிற ஆலோசகரும் வந்தனர். சுருளைக் கழுவுவதும் படியெடுப்பதும் அந்நிறுவனத்தின் கூடத்திலேயே நிகழ்ந்தன. ‘கருவி நுட்பமானது, எம்மவரே அதனைப் பேண முடியும்’ என்ற கூற்று பௌதிக உண்மையாயிருந்த அதே வேளையில், படங்களின் நிறத்தையே ஒரு நிறுவனம் ஆள்வதற்கான நியாயமாகவும் அமைந்தது. பிற்காலத்திற் பனாவிஷன் நிறுவனமும் தன் கமராக்களை விற்காது வாடகைக்கே விட்டது.

இக்கமரா இந்தியாவுக்கு வந்த வரலாறு எமக்கு முக்கியமானது. ஜோன் ரெனுவாரின் ‘நதி’ (1951) வங்காளத்திலே எடுக்கப்பட்டபோது ரெக்னிக்கலர் கமரா லண்டனிலிருந்து வந்தது. படம்பிடித்த சுருள்கள் கழுவப்படுவதற்கு லண்டன் சென்றன. பிடித்தது பதிந்ததா என்பதனை வங்காளத்தில் உள்ளோர் உடனே அறிய வழியில்லை. அக்கமராவை இயக்கப் பயிற்சி பெறுவதற்காக ராமானந்த சென்குப்தா லண்டன் செல்ல வேண்டியிருந்தது. அரசியல் விடுதலை கிடைத்துவிட்ட போதிலும், கருவியும் அதனைப் பேணும் அறிவும் பழைய தலைநகரிலேயே தங்கியிருந்தன.

ஆனால் அறிவைப் பூட்டிவைத்தல் எளிதன்று. அப்படப்பிடிப்பை வெறும் பார்வையாளராக நின்று நோக்கி, ஒளியமைப்புகளைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்ட இளைஞர் சுப்ரதா மித்ரா. 1952 ஒக்டோபரிற் சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது, அதற்குமுன் திரைப்படக் கமராவை இயக்கியிராத மித்ராவே ஒளிப்பதிவாளரானார். முதல் நாட்களில் அவர்களுக்குக் கிடைத்த கருவி வாடகைக்கு எடுக்கப்பட்ட, பலகாலம் பயன்பட்டுத் தேய்ந்த ஒரு ‘வோல்’ கமரா. உலகத் திரைப்பட வரலாற்றின் பெரும் படைப்புகளில் ஒன்று, வேறெவரோ பல்லாண்டு பேணி ஓடும் நிலையில் வைத்திருந்த ஒரு பழைய பொறியிலே தொடங்கிற்று. அப்பேணுநரின் பெயர் வரலாற்றில் இல்லை.

வாடகைமுறையே இந்தியத் திரைப்படத்தின் பொது நிலையாயிற்று. கலையகங்கள் சிதைந்த பின்னர் இது மேலும் பெருகிற்று. கோடம்பாக்கத்தில் ‘அவுட்டோர் யூனிட்’ என வழங்கும் வாடகை நிறுவனங்கள் கருவியோடு அதனைக் காக்கும் ஆட்களையும் அனுப்புகின்றன. இவ்வுதவியாளரின் நிலை இரட்டைத் தன்மை வாய்ந்தது. படத் தயாரிப்பாளருக்கு அவர் கருவியோடு வந்த ஆள். கருவி உரிமையாளருக்கோ அவர் தமது சொத்தின் காவலர். கருவிக்குப் பழுது நேர்ந்தால் இருவரும் நோக்குவது அவர் முகத்தையே. இறக்குமதி செய்யப்பட்ட கமராவின் ஓர் உதிரிப் பாகத்தின் விலை, அதனைத் தூக்கிச் செல்பவரின் பல மாதக் கூலிக்கு மேற்பட்டதாயிருக்கும்போது, எந்த உடலைக் காப்பது, எந்தக் கருவியைக் காப்பது என்ற வினாவுக்கு முதலாளித்துவம் முன்கூட்டியே விடையளித்துவிடுகின்றது.

இது மிகைக் கூற்றன்று. சங்கங்கள் வலுப்பெற்ற அமெரிக்காவிலேயே, 2014 பெப்ரவரியில் ஜோர்ஜியா மாநிலத்தில், அனுமதி பெறாத ஒரு புகையிரதப் பாலத்தின்மேற் படம்பிடிக்கப்பட்டபோது, 27 வயதான இரண்டாம் கமரா உதவியாளர் ஒருவர் புகையிரதம் மோதி உயிரிழந்தார். நெறியாளர் பின்னர் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இயந்திரத்தைப் பேணும் உழைப்பே விபத்தின் இடமாகின்றது என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கூற்று, இவ்வாறு இருபத்தோராம் நூற்றாண்டிலும் பொய்க்கவில்லை.

தமிழ்த் திரைப்படத்துறையில் இந்நிலையை மாற்ற முனைந்தோரில் ஒருவர் கமராவின் பின்னே நின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. நாட்டுப் பிரிவினையால் அகதிகளானோரின் கதையைச் ‘சின்னமூல்’ (1950) என்ற வங்காளப் படமாக எடுத்த நிமாய் கோஷ், பின்னர் சென்னையிற் குடியேறினார். ஒளிப்பதிவாளராகவும் நெறியாளராகவும் அவர் ஆக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) தமிழிலே தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட முன்னோடி முயற்சி. அப்படத்துக்கு இசையமைத்த எம். பி. சீனிவாசனும் அவரும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளரின் கூட்டமைப்பு உருவாவதில் முன்னின்றுழைத்தனர். எமது விமர்சகர்கள் அப்படத்தின் ‘உள்ளடக்கம்’ பற்றிப் பேசிய அளவுக்கு, அதனை ஆக்கியோர் தம் தொழிற்களத்தில் ஆற்றிய இப்பணியைப் பற்றிப் பேசவில்லை. உள்ளடக்கத்தையும் உற்பத்தி முறையையும் பிரித்து நோக்கும் விமர்சனம் மார்க்சிய விமர்சனமாகாது.

5

உடைமை மாறினால் மட்டும் இவ்வுழைப்பு மதிப்புப் பெற்றுவிடுமா? இங்கு நாம் தன்னாய்வும் செய்தல் வேண்டும். 1919 ஓகஸ்டிற் சோவியத் அரசு திரைப்படத்துறையைத் தேசியமயமாக்கியது. அக்காலத்திற் சுருளுக்கு நிலவிய பஞ்சத்தினால் குலெஷோவின் மாணவர்கள் சுருளில்லாமலே ‘படம்’ நடித்துப் பயின்றனர். 1932இல் மெட்வெட்கினின் திரைப்படப் புகைவண்டி கமரா, கழுவுமிடம், தொகுப்பறை ஆகியவற்றைத் தன்னுடனே கொண்டு தொழிலாளரிடமும் விவசாயிகளிடமும் சென்றது. கருவிகள் சிலவாகவும் தேவைகள் பலவாகவும் இருந்த அச்சூழலிற் பேணுதல் என்பது ஒரு பொதுக் கடமையாக விளங்கிற்று.

எனினும் அக்காலத்தின் தலைசிறந்த படைப்பான வெர்தோவின் ‘கமராவுடன் மனிதன்’ (1929) எனும் படத்தில் ஒரு காட்சி உண்டு. கமரா தானே பெட்டியைவிட்டு வெளிவந்து, முக்காலிமேல் ஏறி, நடந்து, அவையோரை வணங்குகின்றது. உழைப்பைக் கண்முன் நிறுத்துவதையே நோக்கமாகக் கொண்ட அப்படம், கமராவைச் சுழற்றும் மிஹயில் கௌப்மனைக் காட்டுகின்றது. சுருளை வெட்டி ஒட்டும் எலிசவெத்தா ஸ்விலோவாவைக் காட்டுகின்றது. ஆனால் பெட்டியைத் திறந்து, கமராவை முக்காலிமேல் ஏற்றும் வேலை அக்காட்சியில் ஒரு மாயவித்தையாகிவிட்டது. கருவி தானாக இயங்குவதாகத் தோன்றும் மயக்கத்தைப் பண்டங்கள் பற்றிய ஆய்விலே மார்க்ஸ் உடைத்துக் காட்டினார். அம்மயக்கம் புரட்சிகரக் கலைஞரையும் ஒரு கணம் ஆட்கொண்டது எனலாம். இதனாற் படத்தின் பெருமை குன்றுவதில்லை. எமது பார்வையின் குறைபாடு எவ்வளவு ஆழமானது என்பதே புலனாகின்றது.

6

இனி, ஈழத்து நிலைமையைச் சுருக்கமாக நோக்குவோம். 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறந்துவ’ முதலாகப் பல படங்கள் தென்னிந்தியக் கலையகங்களையே நம்பியிருந்தன. கமராவும் அங்கிருந்தது, பேணுநரும் அங்கிருந்தனர். 1948இல் அமைக்கப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே தொழில் பயின்று வெளியேறிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் ‘ரேகாவ’ (1956) படத்தைக் கலையகத்துக்கு வெளியே, கிராமத்தின் இயற்கை ஒளியில் எடுத்தனர். அது தேசிய சினிமாவின் தொடக்கம் எனப் போற்றப்படுவது அழகியற் காரணங்களுக்காக மட்டுமன்று. கருவியை இந்நாட்டின் வெயிலிலும் புழுதியிலும் தாமே கொண்டுநடத்தும் ஆற்றலை இந்நாட்டவர் பெற்றனர் என்பதும் அதன் பொருளாகும். 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்திலே ‘பொன்மணி’யை எடுத்தபோது, அவ்வாற்றல் சிங்களவரும் தமிழரும் ஒரே கமராவைச் சூழ்ந்து வேலைசெய்யும் நிலைக்கு வளர்ந்திருந்தது.

அதன்பின் ஏறக்குறைய ஆறாண்டுகளே சென்றன. 1983 யூலை இனவன்செயலின்போது ஹெந்தளையில் இருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அதன் உரிமையாளர் தமிழர் என்பதே காரணம். அங்கு அழிந்த எதிர்ச்சுருள்களிற் சிங்களப் படங்களும் பல. ஒரு மயிரிழைக்கும் ஒரு துளி ஈரத்துக்கும் அஞ்சிப் பல்லாண்டு காக்கப்பட்டவை சில மணி நேரத்திற் சாம்பராயின. பேரினவாதத் தீ தன் மொழியின் நினைவையும் சேர்த்தே எரித்தது. கருவியைப் பேணும் உழைப்பு எத்துணை நுட்பமானதாயினும், அவ்வுழைப்பைச் சூழ்ந்துள்ள சமூகம் பேணப்படாவிடின் அது வீணாகும் என்பதற்கு எமக்கு வேறு சான்று தேவையில்லை.

இன்று சுருட் கமராக்களின் உற்பத்தி பெருமளவில் நின்றுவிட்டது. 2010இன் பின்னர் இலக்கமுறைக் கமராக்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. சுருளை இருட்டில் ஏற்றியவரின் இடத்தில், நினைவட்டையிலிருந்து தரவுகளைப் படியெடுத்து, இருமுறை சரிபார்த்து, பின்னரே அட்டையை அழிக்கும் பணியாளர் இருக்கின்றார். மற்றவர்கள் உறங்கச் செல்லும் நேரத்திலேயே அவரது வேலையும் தொடங்குகின்றது. ஈரமும் தூசியும் பூஞ்சணமும் வில்லையைத் தேடி வருவது நிற்கவில்லை. கருவி மாறியுள்ளது, உறவு மாறவில்லை.

ஆகவே ஆய்வாளர் முன் ஒரு பணி உள்ளது. ஒவ்வொரு நாளும் எத்தனை அடி பிடிக்கப்பட்டது, எது பழுதாயிற்று என உதவியாளர் தம் கையால் எழுதிய கமராக் குறிப்புத்தாள்கள், வாடகைப் பற்றுச்சீட்டுகள், திருத்த நிலையங்களின் பேரேடுகள் ஆகியன வரலாற்று மூலங்கள் என்ற மதிப்பின்றி அழிந்துகொண்டிருக்கின்றன. இவ்வேலையிலே முதுமையெய்தியோரின் வாய்மொழிச் சான்றுகள் அவர்களுடனேயே மறைந்து வருகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அவற்றைத் திரட்டுதல் வேண்டும். நடிகரின் கையெழுத்தைச் சேகரித்த ஆர்வத்தில் ஒரு சிறு பங்கினை அக்குறிப்புத்தாள்களின் கையெழுத்தின்பாற் செலுத்தினாலே போதும். இதுவரை எழுதப்படாத ஓர் உழைப்பின் வரலாறு எழுதப்படத் தொடங்கும்.